ஒற்றைக் கையும் ஒரு கிளாஸ் தண்ணீரும்

ஜன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடிக் கிளாஸ். அதில் தண்ணீர். பின்னால் நீராவி படிந்து மங்கிப்போன ஜன்னல் கண்ணாடி. அதற்கு அப்பால் முற்றத்து மரம் ஒன்றின் கோடு தெரிந்தும் தெரியாமலும் நிற்கிறது. கறுப்பு வெள்ளைப் படம். யோசெப் சுடெக் என்ற செக் நாட்டுப் புகைப்படக் கலைஞர் இதே ஜன்னலை வைத்து இப்படிப் பல படங்களை எடுத்தார். எடுக்கத் தொடங்கியது 1940இல். அப்போது அவருடைய நகரமான பிராக் ஜேர்மன் நாஸிப் படைகளின் பிடியில் இருந்தது. அவருடைய வலது கை அதற்கு முந்தைய யுத்தத்திலேயே போய்விட்டது.

படத்தில் கையும் இல்லை, படையும் இல்லை. கிளாஸ் மட்டும் இருக்கிறது.

வடக்கு, கிழக்கிலிருந்து கட்டுரை அனுப்பும் எங்களைப் போன்ற சுயாதீன ஊடகவியலாளர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவானது. யுத்தத்தில் கால் இழந்த ஒருவரைப் பற்றி எழுதினால், செயற்கைக் கால் தெரியும்படி ஒரு படம் வேண்டும் என்று கேட்பார்கள். பிள்ளையைத் தேடும் தாயைப் பற்றி எழுதினால் கண்ணீர் தெரிய வேண்டும். கேட்பவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வாசகர் பார்ப்பது அதைத்தான் என்று அவர்கள் நம்புகிறார்கள். ஆனால் படம் எடுக்கப்படுபவர் என்ன நினைக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. சுடெக்கின் வாழ்க்கையை நான் தேடிப் படித்தது இந்தக் கேள்வியோடுதான். காயப்பட்டவரே கமராவின் பின்னால் நின்றால் எதைப் படம் எடுப்பார்?

சுடெக் பிறந்தது 1896 மார்ச் 17ஆம் திகதி, பொகீமியாவின் கொலீன் என்ற ஊரில். அது அப்போது ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஒரு பகுதி. தகப்பன் வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலாளி. மகனுக்கு நடக்கவும் பேசவும் வந்த காலத்திலேயே இறந்துவிட்டார். பிள்ளை வளர்ந்ததும் பிராக்குக்கு அனுப்பிப் புத்தகம் கட்டும் தொழில் பழக்கினார்கள். தாள் மடிப்பது, தைப்பது, தோல் ஒட்டுவது, பொன்னெழுத்துப் பதிப்பது என்று இரண்டு கைகளுக்கும் ஓயாத வேலை. ஓய்வு நேரத்தில் கமராவும் கையில் வந்தது.

1915இல் படைக்குப் பிடித்தார்கள். இத்தாலியப் போர்முனைக்குப் போகும்போதும் கமராவை விடவில்லை. அங்கே எறிகணைச் சிதறல் வலது கையில் பட்டது. சொந்தப் பக்கத்துப் பீரங்கி அடித்த எறிகணை என்றே சொல்லப்படுகிறது. காயம் அழுகியதால் கையைத் தோளோடு எடுத்தார்கள். எந்தப் பேரரசுக்காக அந்தக் கை போனதோ, அந்தப் பேரரசே 1918இல் இல்லாமல் போனது. செக்கோஸ்லோவாக்கியா என்ற புதிய நாடு பிறந்தது. சுடெக் ஏறத்தாழ மூன்று வருடங்கள் வைத்தியசாலை வைத்தியசாலையாக இருந்தார். வெளியே வந்தபோது கையில் ஓர் ஊனமுற்றோர் ஓய்வூதியம் இருந்தது, தொழில் இல்லை. ஒற்றைக் கையால் புத்தகம் கட்ட முடியாது.

ஒற்றைக் கையால் படம் எடுக்க முடியுமா என்றால், அதுவும் இலகு அல்ல. அந்தக் காலத்துப் பெரிய கமரா முக்காலியில் நிற்பது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, உருவம் தலைகீழாகத் தெரியும் கண்ணாடியில் பார்த்து, பிலிம் தட்டைச் செருக வேண்டும். சுடெக் இடது கையாலும் பற்களாலும் அதைச் செய்தார். பின்னாளில் உதவியாளர்கள் இருந்தார்கள். தங்கை பொஷேனாவும் வாழ்நாள் முழுக்கத் துணை நின்றார். 1922 முதல் 1924 வரை பிராக்கின் அரச அச்சுக்கலைப் பாடசாலையில் கரேல் நோவாக்கிடம் முறையாகப் படித்தார்.

அவருடைய முதல் பெரிய படத்தொடர் பிராக்கின் இன்வாலிடோவ்னாவில் எடுக்கப்பட்டது. காயப்பட்ட படையினருக்காக 18ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட மாபெரும் விடுதி அது. 1922க்கும் 1927க்கும் இடையில் அங்கே அவர் எடுத்த மனிதர்கள் தன்னைப் போன்றவர்கள். கை போனவர்கள், கால் போனவர்கள். ஆனால் வெட்டுண்ட உறுப்பை முன்னால் தள்ளிக் காட்டும் படங்கள் அல்ல. ஜன்னலோரம் இருக்கிறார்கள், புகைக்கிறார்கள், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். புகை வெளிச்சத்தில் மிதக்கிறது. முகம் பாதி இருட்டில். அவர்களுடைய பின்னேரத்தை எடுத்திருக்கிறார் என்று சொல்லலாம். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் செயற்கைக் கால் நிலையத்தைப் பற்றி வந்த படங்களில் எனக்குப் பிடித்தவையும் இப்படியானவைதான். அளவெடுக்கும் நேரத்தில் எடுத்தவை அல்ல, முறை வரும்வரை காத்திருக்கும் வாங்கில் எடுத்தவை.

1926இல் ஒரு சம்பவம். இசைக்குழு நண்பர்கள் சிலர் கச்சேரிக்காக இத்தாலிக்குப் போனார்கள், சுடெக்கும் கூடப் போனார். ஒரு கச்சேரியின் நடுவில் எழுந்து வெளியே நடந்தார். யாரிடமும் சொல்லவில்லை. இரவெல்லாம் நடந்து, தான் காயப்பட்ட வயல்வெளியைத் தேடிப் போனார். விடிகிற நேரத்தில் இடத்தைக் கண்டுபிடித்தார். காயத்தோடு அவரைத் தூக்கிப் போய்க் கிடத்திய பண்ணை வீடு அப்படியே நின்றது. கை மட்டும் அங்கே இல்லை என்று முதுமையில் அவர் அதைச் சொன்னதாக எழுதியிருக்கிறார்கள். இரண்டு மாதம் கழித்துத்தான் பிராக் திரும்பினார். அதற்குப் பிறகு அவர் வெளிநாடு எதற்கும் போகவில்லை.

மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் மணலில் தனியாக நடந்து திரிபவர்களைக் கண்டிருப்பவர்களுக்கு இந்தச் சம்பவத்தை விளக்கத் தேவையில்லை.

1927இல் பிராக்கின் மலா ஸ்ட்ரானா பகுதியில், உயேஸ்ட் தெருவில், அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவிலிருந்த ஒரு முற்றத்தில் சிறிய மரக் கொட்டில் ஒன்று கிடைத்தது. அதையே ஸ்ரூடியோவாக்கினார். முதலில் சொன்ன ஜன்னல் அங்கேதான். ஆனால் ஜன்னலுக்கு முன்பு சோறு போட்ட வேலை ஒன்று இருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் அவர் மினுங்கும் பொருட்களைப் படித்தார்.

ட்ருஷ்ஸ்டெவ்னி பிராட்சே என்ற பதிப்பகக் கூட்டுறவுச் சங்கம் புத்தகங்களோடு நவீன வீட்டுப் பாவனைப் பொருட்களையும் அங்கத்தவர்களுக்கு விற்றது. வடிவமைப்பாளர் லடிஸ்லாவ் சுட்னர் வெப்பம் தாங்கும் கண்ணாடியில் தேநீர்க் கோப்பைகளையும், அலங்காரம் இல்லாத வெள்ளைப் பீங்கான்களையும் வடிவமைத்தார். 1920களின் முடிவிலிருந்து 1930களின் நடுப்பகுதி வரை அவற்றை விளம்பரத்துக்குப் படம் எடுத்தவர் சுடெக். தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக. கண்ணாடிக் கோப்பைகள் வரிசையாக. கரண்டிகள், முட்கரண்டிகள். விளம்பரம்தான், சந்தேகமில்லை. ஆனால் இன்றைக்கு அருங்காட்சியகங்கள் அவற்றைத் தொங்கவிட்டிருக்கின்றன.

இந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். பம்பலப்பிட்டியில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில் ஒரு பித்தளை மூக்குப்பேணி இருக்கிறது. புளியும் சாம்பலும் போட்டு விளக்கி, மேசையில் வைத்து, கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பார்த்தேன். பேணியின் வயிற்றில் ஜன்னல் தெரிகிறது, மின்குமிழ் தெரிகிறது, கமராவோடு குனிந்து நிற்கும் என் உருவமும் வளைந்து தெரிகிறது. விளக்கிய பித்தளைக்கு, அப்படிப் பார்த்தால், தன் முகம் என்று ஒன்று இல்லை. எதிரே இருப்பதைத்தான் காட்டும். ஆகவே பொருளுக்கு அல்ல, அது பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்துக்கு வெளிச்சம் அமைக்க வேண்டும். வெள்ளை வேட்டியொன்றைச் சுற்றிக் கட்டி, அதற்கு வெளியே இருந்து வெளிச்சம் விழ விட்டால் பேணியில் வேட்டியின் வெண்மை மட்டும் தெரியும். அதிகம் வெண்மையானால் பேணி உருண்டை வடிவத்தை இழந்து தட்டையாகிவிடும். ஓரத்தில் ஒரு கறுப்பு மட்டையை வைத்தால் பேணியின் விளிம்பில் கறுப்புக் கோடு வரும், வடிவம் திரும்பி வரும். கண்ணாடி இன்னொரு விதம். அதற்கு வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும். வெளிச்சம் உள்ளே நுழைந்து வளைந்து, ஓரங்களில் மட்டும் இருண்டு நிற்கும். அந்த இருண்ட ஓரம்தான் கண்ணாடியை நமக்குக் காட்டுகிறது.

கறுப்பு வெள்ளையில் இன்னொன்று நடக்கிறது. தங்க நிறம் போய்விடுகிறது. பித்தளை, வெள்ளி, எவர்சில்வர், அலுமினியம் எல்லாம் சாம்பல் நிறத்தின் வேறு வேறு படிகள். செட்டியார் தெருவில் வாங்கிய வெள்ளித் தட்டமும், அகதி முகாமில் நிவாரணமாகக் கொடுத்த சில்வர் கோப்பையும் ஒரே தராசில் நிற்கும். கீறலும் நெளிவும் மட்டும் தனித்துத் தெரியும். அதாவது, பாவித்த கை தெரியும்.

சுடெக்கோடு ஒரே வருடத்தில் பிறந்த நண்பர் யரோமீர் ஃபுங்கேவும் கண்ணாடிகளையும் அவற்றின் நிழல்களையும் வைத்து நிறைய எடுத்தவர். அவர் போர் முடிவதைக் காணாமல் 1945 மார்ச்சில் இறந்தார். ஃபுங்கேவின் படங்களில் கணக்குப் போட்ட ஒழுங்கு இருக்கும். எனக்கு சுடெக்கின் படங்கள்தான் நெருக்கம், அவற்றில் ஒரு தயக்கம் இருப்பதால்.

1939 மார்ச்சில் ஜேர்மன் படைகள் பிராக்குக்குள் வந்தன. பெரிய கமராவோடும் முக்காலியோடும் தெருவில் நிற்பது சந்தேகத்துக்குரிய காரியமானது. கொழும்பில் கமராவோடு சோதனைச்சாவடியைக் கடந்த தமிழர் எவருக்கும் அந்தச் சந்தேகத்தின் முகம் தெரியும். சுடெக் கொட்டிலுக்குள் திரும்பினார். அதே சமயத்தில், 1940இல், பழைய படமொன்று அவர் கண்ணில் பட்டது. பிரான்ஸின் சார்த்ர் தேவாலயச் சிலையொன்றின் படம். பெருப்பிக்காமல், பிலிமைத் தாளின்மேல் நேரடியாக வைத்து எடுத்த பிரதி. அதில் கல்லின் தன்மை கையால் தொடுவதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு தன் சொந்தப் படங்களை அவர் பெருப்பிக்கவே இல்லை. பிலிம் எவ்வளவு பெரிதோ படமும் அவ்வளவுதான். பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய கமராவைத் தூக்க வேண்டும். ஒற்றைத் தோளில் தூக்கினார்.

இப்படித்தான் ஸ்ரூடியோ ஜன்னல் படங்கள் தொடங்கின. 1954 வரை எடுத்தார். குளிர்காலத்தில் உள்ளே அடுப்பு எரிய, வெளியே பனி விழ, கண்ணாடியில் நீர்த்துளி படியும். அந்த மங்கல்தான் அவருடைய வெள்ளை வேட்டி. வெளிச்சத்தை அது வடித்துக் கொடுத்தது. விளிம்பில் ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு முட்டை, ஒரு தட்டு, ஒரு துண்டுப் பாண், கிளாஸில் போட்ட ஒற்றை ரோஜா. படங்கள் மிகவும் இருண்டவை. முதலில் பார்ப்பவர் அச்சு சரியில்லை என்று நினைக்கக்கூடும். கொஞ்ச நேரம் பார்த்தால் கண் பழகும். அப்போதுதான் தண்ணீரின் மேல்மட்டத்தில் நிற்கும் மெல்லிய வெளிச்சக் கோடு தெரியும்.

அந்தக் கண் பழக்கம் எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் துளி எண்ணெயும் சின்னத் திரியும் வைத்த சிக்கன விளக்கில் படித்துப் பரீட்சை எழுதிய தலைமுறை ஒன்று இருக்கிறது. கண்ணாடிப் போத்தலின் கழுத்தில் ஒளி எப்படி வளையும், தண்ணீர்ச் செம்பின் விளிம்பு இருட்டில் எப்படி மினுங்கும் என்பதெல்லாம் அவர்கள் பார்த்துத் தேறியவை. சுடெக்கின் படத்தை அவர்களுக்குக் காட்டினால் அச்சு சரியில்லை என்று சொல்ல மாட்டார்கள்.

ஒரு கேள்வி இங்கே எழத்தான் செய்யும். நகரத்தில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், சுடுகிறார்கள். இந்த மனிதர் கிளாஸைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாரா? சாட்சி சொல்ல வேண்டிய நேரத்தில் சாட்சி சொல்லாதவர் அல்லவா? எங்கள் யுத்தத்தின் கடைசி மாதங்களில் வன்னிக்குள் இருந்து படம் எடுத்து அனுப்பியவர்கள் இல்லாவிட்டால் நடந்தது நடக்கவே இல்லை என்று ஆகியிருக்கும். அந்தப் படங்களுக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரை வைக்க எனக்குத் துணிவில்லை. சுடெக் போராளி அல்ல. கம்யூனிஸ ஆட்சி வந்தபோதும் எதிர்த்து நிற்கவில்லை, கூடவும் ஓடவில்லை. தன் வேலையைப் பார்த்தார். ஆனால் அவருடைய சாட்சியம் வேறொன்றைப் பற்றியது என்று நினைக்கிறேன். யுத்தம் ஒரு மனிதரை எடுத்துக்கொண்டபின் அவரைக் காயமாகவே மற்றவர்கள் பார்க்கத் தொடங்குகிறார்கள். அவர் அதற்கு உடன்படவில்லை. பார்க்கிறவர் தானாக இருப்பதை அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தக் கொட்டிலுக்கு யுத்தம் முடிந்ததும் ஒரு இளம்பெண் வந்தார். பெயர் சோனியா புல்லாட்டி. பிராக்கைச் சேர்ந்த யூதர். பதினெட்டு வயதில் நாடுகடத்தப்பட்டு, வூட்ஜ் சேரி, ஔஷ்விட்ஸ் என்று வதைமுகாம்களைக் கடந்து, மரண நடையிலிருந்து தப்பித் திரும்பியவர். வீட்டில் யாரும் மிஞ்சவில்லை. சுடெக் அவரை இருட்டறை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். 1947இல் அவர் நியூயோர்க் போய்த் தானே புகைப்படக் கலைஞரானார். 1978இல் சுடெக்கைப் பற்றி ஆங்கிலத்தில் பெரிய நூலொன்றை வெளியிட்டு அவரை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. கை இழந்த ஒருவரும் குடும்பம் முழுவதையும் இழந்த ஒருவரும் ஓர் இருட்டறையில் நின்று தாளில் மெல்ல மெல்ல உருவம் எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரண்டு வருடங்களைப் பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும்.

பிந்திய வருடங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். பழைய கோடக் பனோரமா கமராவால் பிராக் நகரைச் சுற்றிச் சுற்றி எடுத்து 1959இல் 284 படங்களோடு புத்தகமாக்கினார். அரச விருதுகள் வந்தன. பிராக் கோட்டைக்குக் கீழேயுள்ள ஊவோஸ் தெரு வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். திருமணம் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் நண்பர்கள் கூடி இசைத்தட்டுக் கேட்பார்கள். வீடு முழுக்கத் தாளும் கயிறும் கண்ணாடித் துண்டும் ஈயத்தாளும் குவிந்தன, எதையும் எறிய மாட்டார். அந்தக் குவியல்களையே படம் எடுத்து அவற்றுக்குச் சிக்கல்வழிகள் என்று பெயர் வைத்தார். அவற்றில் கண்ணாடிக்கென்றே ஒரு தொடர் உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் கண்ணாடி, அதற்குப் பின்னால் இன்னொன்று, எது உண்மையான விளிம்பு, எது அதன் நிழல் என்று பிரிக்க முடியாத படங்கள்.

கொழும்புக்காரர்களுக்கு இந்த இடத்தில் லயனல் வென்ட் ஞாபகம் வருவார். சுடெக்குக்கு நான்கு வயது இளையவர். சட்டம் படித்தவர், பியானோ வாசித்தவர், 1930களில் கறுப்பு வெள்ளைப் படத்தில் இந்த நாட்டில் யாரும் செய்யாததையெல்லாம் செய்து பார்த்தவர். ஓவியர்களின் 43 குழு 1943இல் அவருடைய வீட்டில்தான் உருவானது. 1944 டிசம்பரில் 44 வயதில் இறந்தார். இறந்ததும் அவருடைய நெகட்டிவ்களை அழித்துவிட்டார்கள், அந்தக் காலத்து வழக்கம் அது என்கிறார்கள். மிஞ்சிய அச்சுப் பிரதிகளும் 1950இல் லண்டனில் வெளியான தொகுப்பும்தான் இன்று நாம் காண்பவை. அவர் பெயரில் உள்ள கலையரங்கம் பம்பலப்பிட்டியிலிருந்து ஆட்டோவில் போய் இறங்கும் தூரம். எதையும் எறியாத சுடெக்கையும், எல்லாம் எறியப்பட்ட வென்டையும் சேர்த்து நினைக்கையில் எங்கள் வீட்டு அல்பங்கள்தான் எனக்கு முன்னால் வருகின்றன.

1983 ஜூலையில் பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் வீடுகள் எரிந்தபோது முதலில் எரிந்தவை தாள்கள். வன்னியில் பதுங்குகுழிகளில் புதைத்துவிட்டு வந்த அல்பங்களை மழைநீர் தின்றது. கலியாணப் படம் இல்லாத தம்பதிகளும், காணாமல்போன மகனின் படமாக அடையாள அட்டையின் மங்கிய பிரதியை மட்டும் வைத்திருக்கும் தாய்மாரும் எங்களிடம் ஆயிரக்கணக்கில். பித்தளை எரியாது. நெளியும், கறுக்கும், ஆனால் கிடக்கும்.

முல்லைத்தீவில் ஓர் அம்மாவைச் சந்தித்தேன். இரண்டு பிள்ளைகளை இழந்தவர். பேட்டி முடிந்ததும் நான் கமராவை எடுக்க, தன்னை எடுக்க வேண்டாம் என்றார். எழும்பி உள்ளே போய் ஒரு செம்பைக் கொண்டுவந்து வாசல் படியில் வைத்தார். இடம்பெயர்ந்த ஒவ்வொரு இடத்துக்கும் அது கூடவே வந்தது. ஒரு பக்கம் நெளிந்திருந்தது. பிள்ளை, இதை எடுங்கோ என்றார். வைத்த பிறகு திரும்பவும் எடுத்துச் சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தார். வெயில் சாயும்வரை காத்திருந்து எடுத்தேன். செம்பின் வளைவில் வாசலும் வேலியும் தெரிந்தன. ஓரத்தில், மிகவும் சின்னதாக, படியில் இருந்த அவரும் தெரிந்தார். கமராத் திரையில் அதைப் பெரிதாக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்றார்.

சுடெக் 1976 செப்டம்பர் 15ஆம் திகதி பிராக்கில் காலமானார். வயது 80. தங்கை பொஷேனா சில காலம் அவருக்குப் பின்னும் இருந்தார். உயேஸ்ட் தெரு முற்றத்துக் கொட்டில் 1980களில் தீப்பிடித்து எரிந்துபோனது. பிறகு அதே இடத்தில், அதே அளவில், மரத்தாலேயே திரும்பவும் கட்டினார்கள். இன்று அது சிறிய புகைப்படக் காட்சிக்கூடம். முற்றத்தைப் பார்த்த ஜன்னலையும் வைத்திருக்கிறார்கள். விளிம்பு வெறுமையாக இருக்கிறது.